பிணி தீர்க்கும் பணியில் ஊரின் பங்கு
(கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அச்செல்வம் எல்லோருக்கும் ஒப்பக் கிடைத்ததா என்பது வரலாறு கேட்கும் கேள்வி. மருந்து ஒன்றுதான். அதனை உட்கொள்ளும் உடலும் ஒன்றுதான். ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்கும் நோயாளி கிடக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் செல்வனுக்கு ஒன்றாகவும், வறியவனுக்கு வேறொன்றாகவும், பெண்ணுக்கு மற்றொன்றாகவும் இருந்து வந்திருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைத்தவர் யார், எவ்வாறு குறைத்தனர் என்பதை நம் கரையோர ஊர்களை நடுவே வைத்துச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அவை. முதல் மூவரையும் நாம் எளிதில் நினைவு கூருகிறோம். நான்காமவனை மறந்து விடுகிறோம். ஒரு சமூகத்தின் சுகாதாரம் உயர்ந்த காலங்களை எல்லாம் எண்ணிப் பார்த்தால், அந்த நான்காமவன் கண் விழித்திருந்த காலங்களே அவை என்பது புலனாகும்.

அம்மனும் ஆண்டகையும்

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிருந்து தெற்காக ஒரே தெருவிலே கோத்த மணிகள் போல நம் ஊர்கள் அமைந்துள்ளன. ஓர் ஊரிலே கோயில் மணி ஒலிக்கும். அடுத்த ஊரிலே பாங்கொலி கேட்கும். மேற்கே வயல், கிழக்கே கடல். ஒரே காற்று, ஒரே நிலத்தடி நீர், ஒரே கொசு. ஆகவே நோயும் ஒன்றாகவே வந்தது.

ஆஸ்பத்திரி என்ற சொல்லை அறியாத காலத்திலே இவ்வூர் மக்கள் நோயை எவ்வாறு எதிர்கொண்டனர்? வைகாசித் திங்களிலே கண்ணகை அம்மன் ஆலயங்களின் கதவு திறக்கும், சடங்கு நிகழும், இறுதியிலே குளிர்த்தி பாடி அம்மனின் வெம்மை தணிக்கப்படும். காரைதீவு முதலிய ஊர்களில் இவ்வழக்கு இன்றும் சிறப்புற நடைபெறுகிறது. வெயில் கொதிக்கும் காலத்திலே பரவும் அம்மை நோயின் அச்சத்தை ஊர் முழுவதும் ஒன்று கூடித் தாங்கிக்கொண்ட முறை இது. அம்மை கண்ட வீட்டு வாசலிலே வேப்பிலை செருகினர். அந்த வீட்டாரும் பிறர் வீட்டுக்குச் செல்லார். பிறரும் அங்கே செல்லார். பக்தியின் பெயரால் நடந்த இத்தனிமைப்படுத்தலுக்குள்ளே ஒரு சுகாதார விதி அடங்கியிருந்தது என்பதை இன்று நாம் உணர்கிறோம்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகை நினைவாகக் கொடியேறும் நாட்களில் பிணி தீர நேர்ந்து கொண்டோர் வருவர். அவர்களிலே முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பு நாளிலும் நோய் நொடிக்காகச் செய்த நேர்த்தியை நிறைவேற்றுவோர் பலர். நோய் வந்தபோது மக்கள் சமயத்தின் எல்லையைப் பெரிதாகப் பார்க்கவில்லை. ஊருக்கு ஊர் இருந்த பரியாரிமாரும் அவ்வாறே. ஏட்டையும் கைநாடியையும் நம்பிய அவர்கள், கூலியாக நெல்லையும் வெற்றிலையையும் பெற்றுக்கொண்டு எந்த வீட்டுக்கும் சென்றனர். பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவிச்சி வந்தாள். சரக்கு அரைத்துக் கொடுக்க அயல்வீட்டுப் பெண்கள் வந்தனர். நான்காமவன் அன்று ஊர் முழுவதுமே.

ஆயினும் பழமையைப் புகழ்வதற்காக உண்மையை மறைத்தல் ஆகாது. வாந்திபேதி வந்தபோதும், பிரசவத்திலே குழந்தை குறுக்கே நின்றபோதும், அந்த அன்பினால் மட்டும் உயிரைக் காக்க முடியவில்லை. இந்நாட்டிலே அம்மைப்பால் குத்தும் முறை 1802ஆம் ஆண்டளவிலேயே வந்துவிட்டது. ஆனால் குத்த வருபவரைக் கண்டு பிள்ளைகளை ஒளித்து வைத்தோர் நாடெங்கும் இருந்தனர். 1886ஆம் ஆண்டு அது சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டது. உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1980ஆம் ஆண்டு பிரகடனம் செய்தது. அறிவு ஓரிடத்தில் இருந்தால் போதாது. அதனை நம்பத்தக்க ஒருவர் தம் மொழியிலே எடுத்துச் சொல்ல வேண்டும்.

தமிழிலே வந்த மருத்துவம்

இந்த உண்மையை முதலில் உணர்ந்து செயலாற்றியவருள் ஒருவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைத் தம் பணிக்களமாக்கினார். தாம் ஒருவர் எத்தனை நோயாளரைப் பார்க்க முடியும் என்று எண்ணினார் போலும்; உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கத் துணிந்தார். தொடக்கத்திலே ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கலானார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழிலே ஆக்கியும் ஆக்குவித்தும் அச்சேற்றினார். அவரிடம் கற்றுத் தேறிய வைத்தியர் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஆங்கிலங் கற்றவன் தலைநகரிலே உத்தியோகம் தேடிப் போவான். தமிழிலே கற்றவன் தன் ஊரிலே இருந்து ஊராருக்கு வைத்தியம் செய்வான் என்பதே அவர் கண்ட கணக்கு. 1884ஆம் ஆண்டு அமெரிக்காவிலே காலமான அவருடைய கல்லறையிலே, தமிழர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர் என்ற பொருள்படவே பொறிக்கப்பட்டுள்ளது. அவருடைய நோக்கம் மதப் பிரசாரத்தோடு இணைந்ததே எனினும், அவர் காட்டிய வழி எச்சமயத்தாரும் பின்பற்றத்தக்கது.

அதே மிஷனைச் சேர்ந்து, கிறீனுக்கு முன்னரே பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கியவர் ஜோன் ஸ்கடர். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடர், தமிழ்நாட்டிலே தம் இளமையில் ஓர் இரவு கண்ட துயரம் பலரும் அறிந்தது. பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக, அவர்தம் கணவன்மார் ஒருவர் பின் ஒருவராக உதவி கேட்டு வந்தனர். இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். ஆண் வைத்தியர் வருவதை மூவரும் ஒப்பவில்லை. பெண் வைத்தியரோ அங்கே இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அதன் பின்னரே ஐடா மருத்துவங் கற்கத் துணிந்தார். 1900ஆம் ஆண்டு வேலூர் திரும்பிப் பணி தொடங்கினார். 1918ஆம் ஆண்டு பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் தொடக்கினார். வைத்தியர் இருந்தும் மருந்து இருந்தும் வழக்கத்தின் காரணமாகப் பெண்ணொருத்தி சாக நேருமாயின், அது விதியன்று, சமூகத்தின் குறையே.

வாசலுக்கு வந்த வைத்தியம்

இலங்கையிலே தாய்சேய் நலத்தின் வரலாறு 1879ஆம் ஆண்டு கொழும்பிலே திறக்கப்பட்ட டி சொய்சா பிரசவ விடுதியோடு புதிய வழியிலே திரும்பியது. அங்கே மருத்துவிச்சிமார் பயிற்றப்பட்டனர். எனினும் பயிற்சி பெற்ற கை கிராமத்துக் குடிசைக்கு வர நெடுங்காலம் சென்றது. 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. ஆசியாவுக்கே இது முன்மாதிரியாயிற்று. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவிச்சி ஆகிய மூவரும் ஒரு குறித்த பரப்பிலுள்ள மக்களுக்குப் பொறுப்பாயினர். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீடு வீடாகச் செல்லும் வைத்தியம் அன்றே இந்நாட்டில் வேரூன்றியது.

அம்முறை முற்றாகப் பரவுமுன்னரே பெருந்துயர் ஒன்று வந்தது. 1934–35ஆம் ஆண்டுகளிலே மலேரியா இந்நாட்டை வாட்டியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் போன்ற பகுதிகள் மிகுந்த பாதிப்புக்குள்ளாயின. கொசு செல்வனையும் கடித்தது, வறியவனையும் கடித்தது. ஆனால் வரட்சியினால் விளைவு குன்றிப் பசியால் மெலிந்திருந்த உடல்களே முதலிற் சாய்ந்தன. அக்காலத்திலே சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குட் சென்றனர். அரசாங்கத்தின் கை எட்டாத இடத்துக்குத் தொண்டர்களின் கால் எட்டியது. 1935ஆம் ஆண்டிலே பிறந்த 1,000 குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயது நிரம்புமுன் இறந்தன. 1,000 பிறப்புக்கு 26 தாய்மார் வரை உயிரிழந்தனர். இன்று நாட்டின் சிசு மரண வீதம் 1,000க்குப் பத்துக்கும் கீழே. தாய் மரணமோ ஓர் இலட்சம் பிறப்புக்கு ஐம்பதுக்கும் கீழே. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரிலே இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது.

இம்மாற்றத்தை நிகழ்த்தியவை எவை? டி.டி.ரி. மருந்து ஒன்று, இலவச வைத்தியம் ஒன்று, இலவசக் கல்வி ஒன்று. இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கவள் துவிச்சக்கர வண்டியிலே ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்ற மருத்துவிச்சி. எந்த வீட்டிலே கர்ப்பிணி இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு ஊசி தவறியது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பெண்கள் வெளியே செல்லத் தயங்கிய ஊர்களிலே அடுப்படி வரை சென்று உட்கார்ந்து பேசும் உரிமை அவளுக்கே இருந்தது. அரசாங்கத்தின் ஊழியராகிய அவளே ஊரின் நான்காமவளாகவும் விளங்கினாள்.

ஊரார் தாமே செய்து காட்டியதற்கும் சான்று உண்டு. யாழ்ப்பாணத்து மூளாயிலே 1936ஆம் ஆண்டு கூட்டுறவு முறையிலே ஒரு வைத்தியசாலை எழுந்தது. இலங்கையின் முதற் கூட்டுறவு வைத்தியசாலை என்ற பெருமை அதற்குண்டு. ஆஸ்பத்திரி வேண்டுமென்று மனு எழுதிக் காத்திராமல், அங்கத்தவரின் சிறு சிறு பணத்தைச் சேர்த்தே வைத்தியரை அமர்த்தலாம் என்று அவ்வூரார் காட்டினர். 1978ஆம் ஆண்டு அல்மா ஆட்டா நகரிலே கூடிய உலக நாடுகள், மக்களின் பங்கின்றி மக்களின் சுகாதாரம் இல்லை என்று பிரகடனஞ் செய்தன. அவர்கள் சொன்னதை மூளாய் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருந்தது.

சேவையே பூசை

இந்து இளைஞராகிய நமக்கு இத்துறையிலே ஒரு சிறப்பான உரிமையும் கடமையும் உண்டு. சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு தை மாதத்தில் கொழும்பிலே இறங்கி யாழ்ப்பாணம் வரை சென்றார்; அதே ஆண்டு மே மாதம் இராமகிருஷ்ண மிஷனை நிறுவினார். சில காலத்துக்குள்ளே கல்கத்தாவிலே கொள்ளை நோய் பரவியது. மிஷனைச் சேர்ந்தோரும் சகோதரி நிவேதிதையும் சேரிகளிலே இறங்கித் தெருக்களைத் துப்புரவு செய்தனர்; நோயாளரைப் பராமரித்தனர். மனிதனுக்குச் செய்யும் பணி மகேசனுக்குச் செய்யும் பூசை என்ற கொள்கை அன்று விளக்குமாறு ஏந்தி நின்றது.

அக்கொள்கையை நம் கரைக்குக் கொண்டு வந்தவர், காரைதீவு மண் 1892ஆம் ஆண்டு ஈன்ற விபுலாநந்த அடிகளார். யாழ் நூல் தந்த முத்தமிழ் வித்தகராக அவரைப் போற்றும் நாம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருந்த நாளிலே திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர் என்பதை அத்துணை நினைப்பதில்லை. கல்வியைப் போலவே சுகாதாரமும் ஒதுக்கப்பட்டோர் வாசலுக்கே முதலிற் செல்ல வேண்டும் என்பது அவர் வாழ்க்கை நமக்குக் காட்டும் நெறி.

பிரிவும் பேரலையும்

நம் கரையின் அண்மைக்கால வரலாறு மகிழ்ந்து எழுதத்தக்கதன்று. 1985ஆம் ஆண்டு சித்திரையிலே காரைதீவுப் பகுதியிலும் அயலூர்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் மோதிய துயரம் நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டு இரு சமூகத்திலும் எண்ணற்ற வீடுகள் இழவு வீடுகளாயின. அக்காலத்திலே ஒரே தெருவிலிருந்த அடுத்த ஊர் அந்நிய தேசம் போலாயிற்று. நோயாளியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தயங்கிய நிமிடங்கள் எத்தனை உயிர்களுக்கு விலையாயினவோ! இன்று கல்முனையிலே வடக்கு ஆதார வைத்தியசாலை ஒன்றும், அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்றும் சிறிது தூரத்துக்குள்ளேயே இயங்குகின்றன. இரண்டும் மக்களுக்கு வேண்டியவையே. ஆனால் இது நம்முடையது, அது அவர்களுடையது என்று பேசும் பழக்கம் நம் நாவிலே ஏறிவிட்டதன்றோ? மாரடைப்பு வந்தவனுக்கு அருகிலுள்ள வாசலே அவனுடைய வாசல்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி, பூரணை நாளாகிய ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே கடல் எழுந்து வந்தது. இலங்கையிலே மாண்ட முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பதினாயிரத்துக்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று அலை ஊர்ப் பெயர் பார்க்கவில்லை. கோயிலும் பள்ளியும் பாடசாலையும் அகதி முகாம்களாயின. வெளியுலகத்து உதவி வருமுன்னே வந்தவன் அயலூரான். பிணம் தூக்கியவனும் சோற்றுப் பொதி கொடுத்தவனும் எச்சமயத்தவன் என்று எவரும் கேட்கவில்லை.

அப்பேரழிவின் பின்னர் பெருந்தொற்று நோய் பரவும் என்று உலகம் அஞ்சியது. அது நிகழவில்லை. கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்டனர், மலசலகூடங்கள் அமைத்தனர், தம் பகுதித் தாய்மாரை மருத்துவிச்சிமார் முகாம் முகாமாகத் தேடிக் கண்டனர். பல்லாண்டுகளாக ஊரோடு ஊராக நின்ற அமைப்பு அன்று கை கொடுத்தது.

ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. அம்பாறைக் கரையோர முகாம்களிலே தங்கிய 859 குடும்பங்களை ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, அக்குடும்பங்களின் ஆண்களில் நூற்றுக்கு 8 பேரும் பெண்களில் நூற்றுக்கு 17 பேரும் இறந்திருந்தமை தெரிய வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருந்தனர். அலை எல்லோருக்கும் ஒரே உயரந்தான். ஆனால் தப்பும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. வீட்டுக்குள்ளே இருந்தவள், கையிலே குழந்தை வைத்திருந்தவள், நீந்தவும் மரமேறவும் பழகாதவள் மடிந்தாள். சுகாதார சமத்துவம் என்று இன்று பேசப்படுவதன் பொருள் முழுவதும் இக்கணக்கிலே அடங்கியிருக்கிறது.

கொரோனா காலத்திலே நிகழ்ந்ததும் நம் சிந்தனைக்குரியது. 2020ஆம் ஆண்டு தொற்றினால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆக வேண்டுமென்று அரசாங்கம் விதித்தது. அடக்கஞ் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும், 2021ஆம் ஆண்டு மாசி இறுதி வரை அவ்விதி நீடித்தது. நம் அயல்வீட்டு முஸ்லிம் சகோதரர் நோயை அஞ்சியதிலும் மேலாக, இறந்தபின் தம் உடலுக்கு நேரவிருப்பதை அஞ்சினர். பரிசோதனைக்குச் செல்லவும் பலர் தயங்கினர். பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. அவர்களுள் ஏனைய சமயத்தார் சிலரும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஆடியிலே அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரியது. ஒரு சமூகத்தின் நம்பிக்கையை இழந்த வைத்தியம், அச்சமூகத்தின் நோயைத் தடுக்க முடியாது. இறந்தவனுக்குச் செய்யும் மரியாதையும் உயிரோடிருப்பவனின் சுகாதாரத்திலே ஒரு பங்கு என்பதை இந்துக்களாகிய நாம் பிறரினும் நன்கு அறிதல் வேண்டும். ஈமக்கடனைப் பெரிதாக மதிக்கும் மரபு நம்முடையது.

இனி நம் கடமை

இளைஞர்காள்! பெரியோர்களே! இன்று நம்மைக் கொல்வது அம்மையும் மலேரியாவும் அல்ல. நீரிழிவு, இரத்த அழுத்தம், மாரடைப்பு என்பன வீட்டுக்கு வீடு புகுந்துள்ளன. டெங்கு ஆண்டுதோறும் வருகிறது. 2017ஆம் ஆண்டு மட்டும் நாடெங்கும் 186,000க்கும் மேற்பட்டோர் அதனால் பீடிக்கப்பட்டனர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே மருந்துக்கும் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஆஸ்பத்திரிக்குத் தூரத்திலிருந்தவனே முதலில் வாடினான். இவற்றுக்கு நம் மன்றம் போன்ற ஸ்தாபனங்கள் செய்யத்தக்கவை பெருஞ் செலவுக்குரியவை அல்ல.

முதலாவது, நாற்சார் வீட்டானையும் ஓலைக் குடிலானையும் ஒரே ஏட்டிலே எழுதுதல். தனித்து வாழும் முதியோர் யார், மாதந்தோறும் மருந்து எடுக்க வேண்டியோர் யார், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாதோர் யார் என்ற கணக்கு ஒவ்வொரு மன்றத்திடமும் இருத்தல் வேண்டும். கணக்கு இருந்தால் கருணைக்கு வழி தெரியும்.

இரண்டாவது, நோயை முன்கூட்டியே அறியும் சிகிச்சை நிலையங்களுக்கு மக்களை அழைத்துச் செல்லுதல். முப்பத்தைந்து வயதைக் கடந்தோருக்கு இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கும் நிலையங்களை அரசாங்கம் வைத்திருக்கிறது. அங்கே ஆண்கள் மிகக் குறைவாகவே வருகின்றனர். கடலுக்குப் போகிறவனும் வயலுக்குப் போகிறவனும் ஒரு நாட் கூலியை இழந்து வரமாட்டான். ஆகவே சுகாதார வைத்திய அதிகாரியோடு பேசி, அவன் ஓய்ந்திருக்கும் நேரத்திலே, அவன் கூடும் இடத்திலே அதனை நடத்துவிக்க நாம் முயலலாம். கோயில் மண்டபமும் சனசமூக நிலையமும் அதற்கு உதவட்டும்.

மூன்றாவது, பெண்களை முன்னிறுத்துதல். நம் மன்றங்களின் கூட்டங்களிலே தீர்மானிப்போர் ஆண்களாகவும் தேநீர் கொடுப்போர் பெண்களாகவும் இருக்கும் வரை, வீட்டுக்குள்ளே கிடக்கும் நோய் வெளியே தெரியாது. நீந்தப் பழகுதலும் முதலுதவி பழகுதலும் நம் சகோதரிகளுக்கும் உரியன.

நான்காவது, ஊரெல்லையைக் கடத்தல். டெங்குக் கொசு பாண்டிருப்பிலே பிறந்து மருதமுனையிலே கடிக்கும்; சாய்ந்தமருதிலே பிறந்து காரைதீவிலே கடிக்கும். ஆகவே வடிகால் துப்புரவு செய்யும் சிரமதானம் ஓர் ஊரோடு நிற்றல் பயனற்றது. இரத்ததானமும் அவ்வாறே. போத்தலிலே சேர்ந்த குருதிக்கு வகை உண்டு, சமயம் இல்லை. பள்ளிவாசல் நிருவாகத்தாரோடும் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தாரோடும் நம் ஆலய பரிபாலன சபையார் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரே மேசையிலிருந்து, இரு சமூகத்து நோயாளருக்கும் வேண்டியவற்றை ஆராய்தல் வேண்டும்.

கதிர்காம யாத்திரைக் காலத்திலே திருக்கோவில், உகந்தை வழியாக நடந்து வரும் அடியார்களுக்கு நாம் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். வருபவன் எவ்வூரான், எக்குலத்தான் என்று அங்கே கேட்பதில்லை. தாகம் என்றால் நீர் கொடுக்கிறோம். அந்தப் பந்தலின் அறத்தை ஆண்டில் ஒரு மாதத்தோடு நிறுத்தாமல், பன்னிரண்டு மாதத்துக்கும் விரித்தலே நம் பணி. வைத்தியரை அரசாங்கம் அனுப்பும், மருந்தையும் அனுப்பும். அருகிருந்து உதவும் நான்காமவனை எந்த அரசாங்கமும் அனுப்ப இயலாது. அவன் இந்த ஊரிலேதான் பிறக்க வேண்டும். இந்த மன்றத்திலேதான் வளர வேண்டும்.

வாழ்க நம் ஊர்கள்! வளர்க அறப்பணி!